கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தபின் எந்தப் பக்கம்? ஆலை, டிசைன், ஆராய்ச்சி, வெளித்துறை: ஓர் ஒப்பீடு

கெமிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் எப்படித் தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கையில் ஆலை வேலை ஒன்று இருக்கிறது. மென்பொருள் நிறுவனம் ஒன்றும் கூப்பிட்டிருக்கிறது. பேராசிரியர் மேற்படிப்புக்குப் போகச் சொல்கிறார். டிசைன் ஆபீஸில் இருக்கும் சீனியர், "இங்கே வந்துவிடு, ஷிப்ட் தொல்லை கிடையாது" என்கிறார். எதை எடுப்பது?

பெரும்பாலானோர் முதல் மாதச் சம்பளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். நான்கு வழிகளுக்கும் இடையில் உள்ள முக்கியமான வித்தியாசம் அந்தத் தாளில் தெரிவதே இல்லை. ஒரு வழியில் போனபின் மனம் மாறினால் வேறு வழிக்கு வர முடியுமா என்பதுதான் அது. சிலவற்றில் முடியும். சிலவற்றில் கதவு இரண்டு மூன்று ஆண்டுகளில் சாத்திவிடும்.

என் சாய்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்று உண்மையிலேயே தெரியாதவர், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை ஆலையில் கழிக்கட்டும் என்பதே என் கருத்து. அங்கிருந்து மற்ற மூன்று பக்கமும் போகலாம், மற்ற மூன்றிலிருந்து அங்கே வருவது கடினம். இந்த யோசனை பொருந்தாதவர்களும் நிறைய உண்டு. அவர்களைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன்.

## இந்தப் படிப்பு எதற்குத் தயார் செய்கிறது

1887இல் மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் வேதித் தொழிற்சாலைகள் பற்றித் தொடர் விரிவுரைகள் நடத்தினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் எம்ஐடியில் இந்தப் பெயரில் முதல் பட்டப்படிப்பு தொடங்கியது. சோப்பு, அமிலம், சாயம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லை, எல்லா ஆலைகளிலும் நடப்பது வடித்தல், உலர்த்தல், வடிகட்டல், சூடாக்கல் போன்ற சில பொதுச் செயல்கள்தான் என்பது டேவிஸின் பார்வை. 1915இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் டி. லிட்டில் அதற்கு 'யூனிட் ஆபரேஷன்ஸ்' என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு இதுதான். ஒரே பட்டத்தை வைத்துக்கொண்டு சுத்திகரிப்பு ஆலை, மருந்து, உரம், உணவு, குடிநீர், சிமெண்ட், பேட்டரி என்று எங்கே வேண்டுமானாலும் நுழைய முடிவதற்கும் இதுதான் காரணம்.

வேதியியல் படித்தவரிடமிருந்து உங்களைப் பிரிப்பது அளவு. ஆய்வகக் குடுவையில் வெப்பம் வெளியிடும் வினை ஒன்று நன்றாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வடிவில், விட்டமும் உயரமும் பத்து மடங்கு பெரிய ரியாக்டரில் (வினை நடக்கும் ஆலைக் கலத்தில்) அதைச் செய்தால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும், வெளிச் சுவரின் பரப்பு நூறு மடங்குதான் ஆகும். வெப்பம் பிறப்பது கொள்ளளவைப் பொறுத்தது, வெளியேறுவது பரப்பைப் பொறுத்தது. அதனால் குடுவையில் தானாகவே ஆறிக்கொண்டிருந்த வினை, பெரிய ரியாக்டரில் கைமீறிப் போகலாம். குளிர்நீர் ஓடும் கூலிங் காயில் போடுவதா, ஊட்டத்தை (உள்ளே விடும் மூலப்பொருளை) மெதுவாகச் சேர்ப்பதா, கரைப்பானை மாற்றுவதா என்று யோசிப்பவர்தான் கெமிக்கல் இன்ஜினியர். கீழே வரும் நான்கு வழிகளும் இந்த யோசனையை வெவ்வேறு தூரத்தில் நின்று செய்கின்றன. மென்பொருள், நிதி போன்ற வெளித்துறையில் மட்டும் அது ஏறக்குறைய நின்றுபோகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஆறு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

1. ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?
2. எங்கே குடியிருக்க வேண்டிவரும்?
3. என்ன கற்பீர்கள், அது எத்தனை காலம் பயன்படும்?
4. உடம்பும் மனமும் தாங்க வேண்டியது என்ன?
5. வருமானம் எப்போது, எந்த வேகத்தில் வரும்?
6. மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டா?

இவற்றில் ஆறாவதுக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். இருபத்தியொரு வயதில் தனக்கு எது பிடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தெரியாத நிலையில் எடுக்கும் முடிவு, பின்னால் திருத்தக் கூடியதாக இருக்க வேண்டும்.

## ஆலை வேலை

உற்பத்தி இன்ஜினியர், ப்ராசஸ் இன்ஜினியர், ஷிப்ட் இன்ஜினியர் என்று பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையைப் பாதுகாப்பாக, தரம் குறையாமல், நிற்காமல் ஓட்டுவது. காலையில் முந்தைய ஷிப்ட்டின் குறிப்பேட்டைப் படிப்பீர்கள். கண்ட்ரோல் ரூமில் திரைகளைப் பார்ப்பீர்கள். அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு களத்தில் ஒரு சுற்று. பராமரிப்புக் குழுவுக்கு வேலை அனுமதிச் சீட்டு கொடுக்கும் முன், எந்த வால்வு மூடியிருக்கிறது, எந்தக் குழாயில் அழுத்தம் இறக்கப்பட்டிருக்கிறது என்று நேரில் போய்த் தொட்டுப் பார்ப்பீர்கள்.

இங்கே கிடைக்கும் கல்வி வேறெங்கும் கிடைக்காது. ஓர் உதாரணம். பின்னிரவு நேரம். டிஸ்டில்லேஷன் கோபுரத்தின் (வடித்தல் நடக்கும் கோபுரம்) உச்சியிலிருந்து வரும் பொருளின் தூய்மை குறைகிறது. ரிஃப்ளக்ஸை, அதாவது உச்சியில் குளிர்ந்த திரவத்தில் கோபுரத்துக்கே திருப்பி விடும் பங்கை, கூட்டினால் பிரிப்பு மேம்படும் என்பது பாடம். புதிதாக வந்த இன்ஜினியர் கூட்டுகிறார். தூய்மை இன்னும் கெடுகிறது. பக்கத்தில் இருக்கும் மூத்த ஆபரேட்டர் வேறொரு எண்ணைக் காட்டுகிறார். கோபுரத்தின் அடிக்கும் உச்சிக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கிறது, அடியில் திரவ மட்டமோ இறங்குகிறது. மேலேறும் ஆவியின் வேகத்தில் திரவம் தட்டுகளை விட்டு இறங்க முடியாமல் தேங்கி நிற்கிறது. கோபுரம் 'ஃப்ளட்' ஆகிவிட்டது. மேலிருந்து இன்னும் திரவம் விட்டால் தேக்கம் கூடத்தான் செய்யும். அடியில் திரவத்தைக் கொதிக்க வைக்கும் ரீபாய்லருக்குப் போகும் நீராவியையும் ஊட்டத்தையும் குறைத்து, தேங்கியது வடிய நேரம் கொடுக்க வேண்டும். ஃப்ளடிங் பற்றித் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவர்தான் அந்த இன்ஜினியரும். அந்த ஐந்து மதிப்பெண் அன்றைக்குத்தான் அவருக்குப் புரிகிறது.

இப்படிப்பட்ட அறிவு பழசாவதில்லை. மென்பொருள் கருவிகள் சில ஆண்டுகளில் மாறிவிடும். பம்ப்பில் கேவிடேஷன் (திரவத்தில் ஆவிக் குமிழிகள் தோன்றி உடைவது) வந்தால் கூழாங்கல் உருள்வதுபோல ஒரு சத்தம் வரும் என்பது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மாறாது.

இப்போது மறைந்திருக்கும் விலைகள். இவற்றைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலாவது உடம்பு. சுழற்சி ஷிப்ட்டில் தூக்கம் ஓர் ஒழுங்குக்கு வராது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 2007இல் இரவு ஷிப்ட் வேலையை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற 2ஏ பிரிவில் வைத்தது, 2019இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. ஷிப்ட் படிக்காகக் கிடைக்கும் கூடுதல் பணத்தைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

இரண்டாவது பொறுப்பு. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் இருந்த பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு யூனிட்டை மறுபடி தொடங்கும்போது கோபுரம் அளவுக்கு மீறி நிரம்பி, எளிதில் தீப்பற்றும் திரவம் வெளியே பீய்ச்சியடித்து வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். கோபுரத்தில் திரவம் ஏறிக்கொண்டிருந்தபோது மட்டம் காட்டும் கருவி அது இறங்குவதாகக் காட்டியது. இரவு ஷிப்ட் முடிந்து போனவர் குறிப்பேட்டில் விட்டுச் சென்றது ஒற்றை வரி. ஆபரேட்டர்கள் சிலர் 29 நாட்களுக்கும் மேலாக விடுப்பே இல்லாமல் தினமும் 12 மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலை வேலைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். ஷிப்ட் மாற்றும்போது கடைசி ஐந்து நிமிடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

மூன்றாவது இடம். பெரிய ஆலைகள் துறைமுகத்தை ஒட்டியோ ஊருக்கு வெளியிலோதான் இருக்கும். வாழ்க்கைத் துணைக்கு அங்கே வேலை கிடைக்குமா, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்குமா என்ற கேள்விகள் முதல் ஆண்டில் வராது, ஆறாவது ஆண்டில் வரும். வருடாந்திரப் பராமரிப்புக்கு ஆலையை நிறுத்தும் வாரங்களில் குடும்ப விசேஷம் எதற்கும் போக முடியாது.

பெண்களுக்கு இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சில இடங்களில் அவர்களைப் பகல் வேலையிலோ ஆய்வகத்திலோ உட்கார வைத்துவிடுகிறார்கள். கரிசனமாகத் தோன்றினாலும், ஷிப்ட் அனுபவம் இல்லை என்பதே பின்னால் பதவி உயர்வில் தடையாக வந்து நிற்கும். சேரும் முன்பே கேட்டுத் தெளிவு பெற வேண்டிய விஷயம் இது.

திரும்பும் வழி? தாராளமாக உண்டு. ஆலையில் இருந்தவரை டிசைன் நிறுவனங்கள் விரும்பி எடுக்கின்றன. பாதுகாப்பு, சுற்றுச்சூழல், தொழில்நுட்ப விற்பனை, நிர்வாகம் என்று கிளைகளும் நிறைய. ஆராய்ச்சிக்குப் போகலாம், ஆனால் கணிதம் துருப்பிடிக்கும் முன் போக வேண்டும்.

## டிசைன் ஆபீஸ்

இன்னும் கட்டப்படாத ஆலையைத் தாளிலும் திரையிலும் உருவாக்குவது இந்த வேலை. உள்ளே போகும், வெளியே வரும் பொருளையும் ஆற்றலையும் கணக்குப் பார்க்கும் மாஸ் பேலன்ஸ், எனர்ஜி பேலன்ஸ், ப்ராசஸ் ஃப்ளோ டயகிராம், குழாய்களும் கருவிகளும் காட்டும் பி அண்ட் ஐடி வரைபடம், ஒவ்வொரு கருவிக்கும் டேட்டாஷீட், பாதுகாப்பு வால்வின் அளவு. அப்புறம், ஆபத்துகளை முன்கூட்டியே தேடும் ஹசாப் கூட்டங்கள், நாள்கணக்கில் நடக்கும். "இந்தக் குழாயில் ஓட்டம் நின்றால் என்ன ஆகும், எதிர்த்திசையில் ஓடினால் என்ன ஆகும்" என்று ஒவ்வொரு கோடாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போவார்கள். சலிப்பாகத் தெரியும் கூட்டம்தான். ஆலை எப்படித் தவறும் என்பதை அதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு கிடையாது.

படித்த பாடங்களை நேரடியாகப் பயன்படுத்தும் வழி என்றால் இதுதான். வெப்ப இயக்கவியல் தேர்வோடு முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் இங்கே அதை மறுபடி திறக்க வேண்டிவரும். எத்தனாலையும் தண்ணீரையும் பிரிக்கும் கோபுரத்தை சிமுலேட்டரில் (ஆலையைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளில்) போடுங்கள். ஐடியல் கலவை (மூலக்கூறுகளின் ஈர்ப்பு வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காத எளிய கலவை) என்று மாடலைத் தேர்ந்தெடுத்து, தட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஏறக்குறைய முழுத் தூய்மையான எத்தனால் திரையில் வந்துவிடும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் கணக்கை முடித்துவிடும். உண்மையான கோபுரமோ சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் எடையில் சுமார் 95.6 விழுக்காட்டைத் தாண்டாது. அங்கே ஆவியும் திரவமும் ஒரே இயைபில் இருப்பதால் எத்தனை தட்டு சேர்த்தாலும் பிரியாது. இந்த அசியோட்ரோப்பைக் கணக்கில் எடுக்கும் மாடலைத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு. அதை மறந்து வரைந்த கோபுரம் கட்டி முடித்தபின்தான் தவறைக் காட்டும்.

இந்த வேலையின் கனம் புரிய ஃபிளிக்ஸ்பரோவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் நைலானுக்கான மூலப்பொருள் தயாரித்த ஆலை அது. வரிசையாக இருந்த ஆறு ரியாக்டர்களில் ஐந்தாவதில் விரிசல் விழுந்ததால் அதைக் கழற்றிவிட்டு, நான்கையும் ஆறையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். அந்தக் குழாய்க்கு முறையான கணக்கீடு நடக்கவில்லை. வரைபடம் என்று இருந்தது பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட கோடுகள்தான். 1974 ஜூன் 1 அன்று அது பிய்த்துக்கொண்டது, 28 பேர் இறந்தார்கள். அந்த நாள் சனிக்கிழமை. வேலை நாளாக இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ பேர் போயிருப்பார்கள்.

விலைகளுக்கு வருவோம். டிசைன் வேலை முதலீட்டுச் சுழற்சியோடு கட்டுண்டது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை பூஜ்யத்துக்கும் கீழே, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விலை சரியும் காலங்களில் ஓடும் ஆலைகள் எப்படியாவது ஓடும், புதிய ஆலைத் திட்டங்கள் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் திட்டம் என்றால் வேலையில்லாத டிசைன் இன்ஜினியர்கள். சேமிப்பு இல்லாமல் இந்தத் துறையில் நிற்பது ஆபத்து.

இன்னொரு விலை கண்ணுக்குத் தெரியாதது. ஆலையைப் பார்க்காமலே ஆலையை வரையும் பழக்கம் வந்துவிடும். தான் வரைந்த வால்வு ஆளுயரத்துக்கு மேல் போய்விட்டதால் ஆபரேட்டர் தினமும் ஏணி போட்டு ஏறுகிறார் என்பது வரைந்தவருக்குத் தெரியாமலே போகும். ஆலை தொடக்கப் பணிக்குப் போகும் வாய்ப்பு வந்தால், சிரமமானாலும் போய்விடுங்கள். ஒரு தொடக்கம் பார்த்தவரின் அடுத்த வரைபடம் வேறு மாதிரி இருக்கும்.

நகர வாழ்க்கை, பகல் நேர வேலை, குடும்பத்துக்கு ஏற்ற இடம் எல்லாம் உண்டு. கெடு நெருங்கும் வாரங்களில் பகல் நேரம் என்பது பேச்சுக்குத்தான். திரும்பும் வழி நடுத்தரம். முதல் சில ஆண்டுகளுக்குள் ஆலைக்கு மாறலாம். அதற்குப் பிறகு ஷிப்ட் அனுபவம் இல்லாத மூத்தவரை எடுக்க ஆலைகள் தயங்கும்.

## ஆராய்ச்சி

முனைவர் பட்டம், அதற்குப் பின் பல்கலைக்கழகமோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவோ. பொதுவாக நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள் உதவித்தொகையில் வாழ வேண்டும். சக மாணவர்கள் அந்த ஆண்டுகளில் சம்பளமும் பதவியும் வாங்கியிருப்பார்கள். இதுதான் வெளிப்படையான விலை.

எதற்காக அந்த விலை? நம் துறையின் பெருமைமிக்க கதையே இதற்குப் பதில். 1909இல் ஃப்ரிட்ஸ் ஹேபர் காற்றிலிருக்கும் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து உயர் அழுத்தத்தில் அம்மோனியா உண்டாக்கிக் காட்டினார். மேசைமேல் நின்ற கருவி அது. அதை ஆலையாக்கும் பொறுப்பு ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் கார்ல் போஷ் கைக்கு வந்தது. ஹேபர் வினையூக்கியாகப் பயன்படுத்திய ஆஸ்மியம் என்ற உலோகம் உலகத்திலேயே மிகக் கொஞ்சம்தான் இருந்தது. ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான வினையூக்கிச் சோதனைகள் நடத்தி, சில சேர்மானங்கள் கலந்த மலிவான இரும்பைக் கண்டுபிடித்தார். அடுத்து, எஃகு ரியாக்டர்களே வெடித்தன. உயர் அழுத்த ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதிலிருக்கும் கரிமத்தை அரித்தெடுத்து, உலோகத்தை நொறுங்க வைத்தது. கரிமம் அதிகமில்லாத மெல்லிரும்பை உள்ளுறையாகப் போட்டு, ஊடுருவி வரும் ஹைட்ரஜன் வெளியேற வெளி எஃகில் சிறு துளைகள் இட்டார் போஷ். 1913இல் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. ஹேபருக்கு 1918க்கான நோபல், போஷுக்கு 1931இல் நோபல். உலகத்தின் உணவு உற்பத்தியில் பெரும்பங்கு இன்றும் இந்த முறையில் வரும் உரத்தை நம்பித்தான் இருக்கிறது.

மார்கரெட் ஹட்சின்சன் ருசோவையும் சொல்லாமல் விட முடியாது. எம்ஐடியில் 1937இல் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண். பெனிசிலினை ஆழ்தொட்டி நொதித்தலில் வணிக அளவில் தயாரித்த முதல் ஆலையை வடிவமைத்தவர். மருந்தைக் கண்டுபிடித்தவர்களை உலகம் அறியும். அதைப் போதுமான அளவில் கிடைக்கச் செய்தவர் அவர்.

இந்த இரண்டு கதைகளும் உங்களைச் சும்மா இருக்க விடவில்லை என்றால் ஆராய்ச்சி உங்களுக்கானதாக இருக்கலாம். ஆனால் அன்றாடம் வேறு மாதிரி இருக்கும். மிட்டாஷின் ஆயிரக்கணக்கான சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை உதவாமல் போனவை. அந்த உதவாத நாட்களைத்தான் நீங்கள் வாழ வேண்டிவரும். வாயுக் கசிவைத் தேடி ஒரு வாரம், கருவிக்கு உதிரிபாகம் வருவதற்கு ஒரு மாதம்.

தலைப்பைவிட வழிகாட்டியைத்தான் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரிடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

மற்றொரு மறைமுக விலை, குறுகிப்போவது. குறிப்பிட்ட ஒரு சவ்வையோ வினையூக்கியையோ ஐந்தாண்டு ஆராய்ந்தவரை, அந்தத் துறை சுருங்கும்போது ஆலையில் எடுக்க யோசிப்பார்கள், தகுதி கூடிவிட்டது என்பார்கள். பைலட் பிளாண்ட் (சிறிய சோதனை ஆலை) வரைக்கும் போகும் ஆய்வுக் குழுக்களைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் குறையும்.

## வெளித்துறை: மென்பொருள், தரவு, நிதி, நிர்வாகம்

ஆண்ட்ரூ குரோவ் கெமிக்கல் இன்ஜினியர், இன்டெல்லின் தலைவரானார். ஜாக் வெல்ச் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் முனைவர், ஜெனரல் எலக்ட்ரிக்கின் தலைவரானார். இந்தப் பட்டம் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும் என்று சொல்ல இவர்களைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் கவனியுங்கள், குரோவ் போய்ச் சேர்ந்தது சிப் தயாரிப்பில். படிய வைத்தல், அரித்தெடுத்தல், கழுவுதல் என்று வேதிவினைகளின் வரிசையாகவே நடக்கும் தொழில் அது. வெல்ச் தொடங்கியது பிளாஸ்டிக் பிரிவில். இருவருமே துறையைத் தூக்கிப்போட்டுவிட்டு ஓடியவர்கள் இல்லை. சிப் ஆலைகளை நான் வெளித்துறை என்று எண்ணுவதும் இல்லை. வாய்ப்பு வந்தால் தயங்காமல் போகலாம்.

முழுமையாக வெளியே போகிறவர்களுக்குக் கிடைப்பது என்ன? பெருநகரம், பெரும்பாலும் பகல் நேரம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி, விரைவில் ஏறும் சம்பளம். கல்விக்கடன் கழுத்தை நெரிக்கும் குடும்பத்தில் இதை ஒரு காரணமாகச் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை.

விலை இரண்டு. ஒன்று, நான்காண்டு படிப்பு மெதுவாகக் கரையும். கணினி அறிவியல் படித்தவரோடு அவருடைய களத்தில் போட்டி போட வேண்டும், அடிப்படைகளை இரவில் உட்கார்ந்து தனியாகக் கற்க வேண்டும். மற்றொன்று, திரும்பும் கதவு. ஆலைகள் தொடக்கநிலைக்குப் புதிதாகப் பட்டம் வாங்கியவர்களைத்தான் எடுக்கும், அடுத்த நிலைக்கு அனுபவம் கேட்கும். மூன்றாண்டு மென்பொருளில் இருந்தவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

இரண்டையும் விட மனமில்லாதவர்களுக்கு நடுவில் ஒரு பாதை உண்டு. அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. ப்ராசஸ் கண்ட்ரோலும் ஆலைத் தரவுப் பகுப்பாய்வும்தான் அது. 1970களில் ஷெல் நிறுவனத்தில் கட்லரும் ரமேக்கரும் உருவாக்கிய டைனமிக் மேட்ரிக்ஸ் கண்ட்ரோல், ஆலையின் கணித மாதிரியை வைத்து அடுத்து வரப்போவதைக் கணித்து இப்போதே வால்வுகளை நகர்த்தும் முறை. இன்றைக்குச் சுத்திகரிப்பு ஆலைகளில் பரவலாக இருக்கும் கட்டுப்பாட்டு முறைகள் இந்த வழியில் வந்தவை. நிரல் எழுதத் தெரிந்த, கோபுரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்றும் தெரிந்த ஆளை எங்கேயும் தேடுகிறார்கள். சென்சார் பழுதானதால் வந்த எண்ணையும் ஆலையில் உண்மையில் நடந்த மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க அந்த இரண்டாவது அறிவு வேண்டும்.

நிர்வாகப் படிப்புக்குப் போவது பற்றி ஒரே வார்த்தை: இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டுப் போங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆலை | டிசைன் | ஆராய்ச்சி | வெளித்துறை |
|---|---|---|---|---|
| அன்றாடம் | களம், கண்ட்ரோல் ரூம், ஷிப்ட் | கணக்கீடு, வரைபடம், கூட்டம் | சோதனை, எழுத்து, காத்திருப்பு | திரை, கூட்டம் |
| இடம் | ஊருக்கு வெளியே | பெருநகரம், இடையிடையே களம் | ஆய்வுக்கூடம் இருக்கும் ஊர் | பெருநகரம் |
| கற்ற அறிவின் ஆயுள் | மிக நீளம் | நீளம் | ஆழம் அதிகம், அகலம் குறைவு | அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் |
| உடம்பும் மனமும் | தூக்கம், விபத்துப் பொறுப்பு | கெடு, திட்டச் சரிவு | தனிமை, நிச்சயமின்மை | உட்கார்ந்தே வேலை, போட்டி |
| வருமானம் | முதல் மாதத்திலிருந்து, நிதானமாக | முதல் மாதத்திலிருந்து, ஏற்ற இறக்கத்தோடு | தாமதமாக | விரைவாக |
| திரும்பும் வழி | நிறைய | முதல் சில ஆண்டுகள் | ஆய்வுப் பிரிவுகளுக்குள் | விரைவில் சாத்தும் |

## யாருக்கு எது

எதுவும் தெளிவாகத் தெரியவில்லை, உடல்நலம் நன்றாக இருக்கிறது, உடனடிக் குடும்பப் பொறுப்பு இல்லை என்றால் ஆலை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, நிறுத்தித் தொடங்கும் பணி ஒன்றையாவது முழுதாகப் பார்த்தபின், மறுபடி யோசியுங்கள்.

தூக்கக் குறைபாடு, வலிப்பு, கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருந்தால் சுழற்சி ஷிப்ட் வேண்டாம். வீட்டில் படுக்கையில் இருக்கும் ஒருவரைக் கவனிக்க வேண்டியவருக்கும் இதே பதில்தான். அவர்களுக்கு டிசைன் நல்லது. மருந்து, உணவுத் துறைகளில் நகரத்தை ஒட்டிய ஆலைகளில் பகல் நேர ப்ராசஸ் வேலைகளும் இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

வெப்ப இயக்கவியலும் வினை வேகவியலும் பிடித்துப்போய், தேர்வுக்கு வராத கணக்கையும் போட்டுப் பார்க்கிறவர் ஆலைக்குப் போய் ஆண்டுகளை ஒத்திவைக்க வேண்டாம். நேராக ஆராய்ச்சிக்குப் போங்கள். கணிதம் கையில் சூடாக இருக்கும்போதே, பேராசிரியர்களுக்கு உங்கள் பெயர் நினைவிருக்கும்போதே விண்ணப்பிப்பது நல்லது. ஆனால் "வேலை கிடைக்கவில்லை, அதனால் மேற்படிப்பு" என்பது தனிக் கதை. அந்த மனநிலையில் முனைவர் பட்டத்தைத் தொடங்கினால் மூன்றாம் ஆண்டில் தாங்காது. முதுகலையோடு நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளித்துறைக்குப் போக வேண்டியவர் யார்? இந்தப் படிப்பையே பிடிக்காமல் படித்தவர். மதிப்பெண்ணோ வற்புறுத்தலோ கொண்டுவந்து விட்டதால் நான்காண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், பட்டம் வீணாகிறதே என்று ஆலைக்குப் போக வேண்டாம். விருப்பமில்லாதவர் கண்ட்ரோல் ரூமில் இருப்பது அவருக்கும் நல்லதில்லை, களத்தில் நிற்பவர்களுக்கும் நல்லதில்லை.

## கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

ஆலை என்றால்: ஷிப்ட் எத்தனை மணி நேரம், தொடர்ச்சியாக அதிகபட்சம் எத்தனை நாள் வேலை வாங்குவீர்கள்? புதியவருக்குத் தனிப் பொறுப்பு கொடுக்கும் முன் எத்தனை மாதப் பயிற்சி? ஆபத்தாகத் தோன்றினால் புதிய இன்ஜினியர் யூனிட்டை நிறுத்தலாமா, அப்படி நிறுத்தியவருக்கு இங்கே என்ன ஆனது? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்காணல் செய்பவர் தயங்காமல் ஓர் உதாரணம் சொன்னால் அந்த இடத்தை நம்பலாம்.

டிசைன் என்றால்: கையில் இப்போது எத்தனை திட்டங்கள், அவை எந்தெந்தத் துறையில்? எல்லாம் ஒரே துறையில் இருந்தால் சரிவும் ஒன்றாகத்தான் வரும். புதியவர்களைக் களத்துக்கு அனுப்புவீர்களா?

ஆராய்ச்சி என்றால்: உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு உறுதி? அது தீர்ந்தபின் ஆய்வு முடியாமல் இருந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? கருவிகள் குழுவுக்குச் சொந்தமா, வரிசையில் நின்று பயன்படுத்த வேண்டுமா?

வெளித்துறை என்றால்: பணி உறுதிப் பத்திரம் (குறிப்பிட்ட காலம் வேலையை விட்டுப் போக மாட்டேன் என்ற பாண்ட்) உண்டா, எத்தனை ஆண்டுக்கு? சேர்ந்தபின் எந்தக் குழுவில் போடுவீர்கள் என்பது இப்போதே தெரியுமா? பத்திரம் இரண்டாண்டுக்கு மேல் என்றால், மேலே சொன்ன திரும்பும் கதவையும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறீர்கள்.